பழைய ஸ்டோரின் கதவைத் திறந்தது யார்?

ஆடி மாத மழை. பிரதேச சபைக் கூட்ட அறையின் ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தார்கள். நனைந்த குடைகளின் வாடையும், பொதுமக்கள் பகுதியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்களின் ஈரக் கம்பளி வாடையும் சேர்ந்து மூச்சை அடைத்தன.

தவிசாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“டீச்சர், நீங்களே சொல்லுங்க. அன்னைக்கு ஸ்டோருக் கதவத் தொறந்து விட்டது யாரு?”

அங்கிருந்தவர்களுக்கு அது பெரிய கேள்வியே இல்லை. பதில் ஊருக்கே தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். காவற்காரர் மாடசாமி அண்ணன் குடித்துவிட்டுக் கதவைத் திறந்து போட்டார், உள்ளே போன பிள்ளை விழுந்து கையை உடைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் கதை.

மாடசாமி அண்ணன் பின்சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். உட்காரக் கதிரை இருந்தும் உட்காரவில்லை. அவருக்கு மூன்று வரிசை முன்னால் கோகிலா, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, தன் அம்மா பார்வதி அக்காவின் பக்கத்தில் குனிந்த தலையோடு இருந்தாள்.

நான் எழுந்து நின்றேன். எழுந்தபோதுகூட என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது.

மூன்று வருடத் தர்க்கம்

பயிற்சிக் கலாசாலையில் ஒரு சிங்கள ஆசிரியையிடம் நான் ஜிம்னாஸ்டிக் கற்றதைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்த பண்டாரவளை வாசகி ஒருவர், உங்கள் பிள்ளைகள் எத்தனை பதக்கம் வாங்கினார்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறார். பதக்கங்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றைப் பற்றிப் பெருமை பேசுவதற்கு முன் நான் சொல்லியாக வேண்டியது வேறொன்று.

தொண்ணூறுகளின் நடுவில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தமிழ்ப் பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தேன். தும்பு மெத்தைகளைச் சரிவான முற்றத்தில் விரித்துப் பெண்பிள்ளைகளுக்குக் கரணம் சொல்லிக் கொடுத்தேன். மழை வந்தால் வகுப்பு இல்லை. எங்கள் ஊரில் எப்போது மழை வராது?

பசாருக்குப் போகும் பாதையோரம் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் ஸ்டோரு என்பார்கள். இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போய்ப் பல வருடங்கள் ஆகியும், ஈரக் காலத்தில் அதன் தரைப்பலகை இடுக்குகளிலிருந்து தேயிலைத்தூள் மணம் எழும்பும். தோட்டத்துத் துரையிடம் போய்க் கேட்டேன். வாய்வார்த்தையாகக் கீழ்த்தளத்தைத் தந்தார்.

கண்டியில் ஒரு பெரிய பாடசாலை கழித்துப் போட்ட தாண்டுகுதிரை, சமநிலைக் கட்டை, மெத்தைகள் ஆகியவற்றைப் பசாரில் இரும்புக்கடை வைத்திருந்த நசீர் நானா தன் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். அவருடைய மகள் ரிஸ்வானா நீளக் காற்சட்டையும் தலையில் இறுக்கிக் கட்டிய துணியுமாக முதல் நாளே வந்து சேர்ந்தாள். கீழே சிங்களக் கிராமத்திலிருந்தும் சில பிள்ளைகள் வந்தார்கள். கூரை ஒழுகியது. குதிரைக்கு மேல் தார்ப்பாய் கட்டினோம்.

கூரை போடவும் தரை போடவும் பிரதேச சபையிடம் போனேன். அங்கே தொடங்கியது தர்க்கம்.

சபைச் செயலாளர் நடராஜா ஐயா யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துக்காரர். கோப்பைத் திறக்காமலே சட்டம் சொல்லக்கூடியவர்.

“டீச்சர், உங்கட நோக்கம் நல்லது. ஆனால் தோட்டக் காணிக்குள்ள சபையின்ர காசு ஒரு சதமும் போடேலாது. முதல்ல காணியையும் கட்டடத்தையும் தோட்டம் சபைக்கு எழுதித் தரட்டும். பிறகு கதைப்பம்.”

எழுதித் தர மூன்று வருடம் பிடித்தது. அந்த மூன்று வருடமும் சபையில் இந்த விடயம் வரும், தள்ளிப்போகும், மறுபடி வரும். பொதுமக்கள் பகுதியில் நான் உட்கார்ந்திருப்பேன்.

எனக்கு எதிராகப் பேசியவர்களில் என்னால் மறக்க முடியாதவர் சுப்பையா அண்ணன். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர், சபை உறுப்பினர், தவிசாளரின் அதே சங்கத்துக்காரர். கத்திப் பேச மாட்டார்.

“எங்க லயத்துல அத்தன குடும்பத்துக்கும் ரெண்டு கக்கூஸு. அதுல ஒன்னுக்குக் கதவு இல்ல. பொம்பளப்புள்ளைக விடியுமுன்னே தேயிலைக்குள்ள போகுதுக. அதுக கரணம் அடிக்க மண்டபம் கேக்குறாங்க டீச்சர். நான் என்னான்னு கைய தூக்குறது?”

 நான் பிறந்து வளர்ந்ததும் அப்படி ஒரு லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில்தான். விடியுமுன் தேயிலைக்குள் போனவள்தான் நானும்.

தவிசாளருக்கு வேறு யோசனை இருந்தது. ஸ்டோரைத் திருத்திக் கலியாண மண்டபம் ஆக்க வேண்டும், அதைத் தன் சங்கத்து ஆட்கள் கொண்ட ஒரு குழு நடத்த வேண்டும். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் ஆட்கள் மழைக்குள் தகரப் பந்தல் போட்டுத்தான் தாலி கட்டினார்கள். ஆனால் அந்த ஏற்பாட்டில் பிள்ளைகளுக்கு இடமே இல்லை என்பதுதான் என் கோபம்.

கடைசியில் ஒரு வருடப் பரீட்சார்த்தம் என்று முடிவானது. கூரையும் தரையும் சபை போட்டுத் தரும். நடத்துவது பெற்றோரும் ஆசிரியரும் கொண்ட கமிட்டி. நசீர் நானா தலைவர், நான் செயலாளர். காவற்காரரைச் சபை நியமிக்கும். ஸ்டோரு ஓடிய காலத்தில் உருளை இயந்திரத்தில் மூன்று விரல்களைப் பறிகொடுத்து வேலையில்லாமல் இருந்த மாடசாமி அண்ணனை நியமித்தார்கள். ஒரு சாவி அவரிடம், இன்னொன்று என்னிடம்.

விதிகளை நானே என் கையால் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பயிற்றுநர் இல்லாத நேரத்தில் எவரும் கருவிகளில் ஏறக் கூடாது. அதுதான் முதல் விதி.

வெள்ளைத் தூள்

கோகிலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பார்வதி அக்கா கொழுந்து பறிப்பவர். புருஷன் இல்லை. ஒரே மகள். பதின்மூன்று வயதில் கோகிலா குதிரையை நோக்கி ஓடி வந்தால் அந்தக் கட்டடமே அமைதியாகிவிடும். பயம் என்பது அவள் முகத்தில் நான் பார்க்காத ஒன்று.

ஒருமுறை கொழும்பில் போட்டிக்கு நான்கு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். போர்க்காலம். வழியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். பிள்ளைகளுக்கு அடையாள அட்டை இல்லை, பிறப்புச் சான்றிதழும் அதிபரின் கடிதமும்தான். ஓர் இளம் சிப்பாய் எங்கள் பையைத் திறந்தான். உள்ளே ஒரு பழைய பால்மா டின். டின்னுக்குள் வெள்ளைத் தூள்.

கை வழுக்காமல் இருக்கப் பூசும் தூள் அது. ஆனால் அதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்பது அந்த நிமிடத்தில் எனக்கு வரவில்லை. கலாசாலையிலும் சந்தையிலும் சரளமாகப் பேசிய சிங்களம் துப்பாக்கிக்கு முன்னால் காணாமல் போய்விட்டது. அவன் இன்னொருவனைக் கூப்பிட்டான். இரண்டாமவன் தூளை முகர்ந்து பார்த்தான். எங்களைத் தனியே நிற்கச் சொன்னார்கள்.

கோகிலா யாரையும் கேட்கவில்லை. டின்னுக்குள் கையை விட்டுத் தூளைப் பூசிக்கொண்டாள். பாதையோரத்து ஈரச் சிமெந்தில் கைகளை ஊன்றி, காலை மேலே தூக்கி, தலைகீழாகப் பத்தடி நடந்தாள்.

சிப்பாய்கள் சிரித்தார்கள். ஒருவன் கை தட்டினான். எங்களை ஏறச் சொன்னார்கள்.

பஸ்ஸில் டின்னை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். நாங்கள் குற்றமற்றவர்கள் என்று காட்ட ஒரு பிள்ளை தலைகீழாக நடக்க வேண்டியிருந்ததே என்ற அவமானம் ஒருபக்கம், தப்பித்தோம் என்ற ஆறுதல் ஒருபக்கம். கோகிலா என் தோளைத் தொட்டாள்.

“டீச்சர், கால் நேரா இருந்துச்சா?”

அன்றிலிருந்து அவள் வயதை நான் மறந்துபோனேன். என் பிழை அங்கேதான் தொடங்கியது என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை

பரீட்சார்த்த வருடம் முடியச் சில வாரங்களே இருந்தன. மாகாணப் போட்டிக்கு இரண்டு வாரம். பிள்ளைகள் வென்றுவிட்டால் சபையில் யாரும் வாய் திறக்க முடியாது என்பது எங்கள் கணிப்பு.

அந்தச் சனிக்கிழமை எனக்கு நுவரெலியாவில் தர உயர்வுக்கான நேர்முகம். பகல் இரண்டு மணிக்குத்தான் மாடசாமி அண்ணன் ஸ்டோரைத் திறப்பார். கோகிலாவோ காலையிலும் பழக வேண்டும் என்று வெள்ளிக்கிழமை முழுவதும் என் பின்னாலேயே வந்தாள்.

பாடசாலை விட்டதும் என் சாவியை அவள் கையில் கொடுத்தேன். ரிஸ்வானாவையும் கூட்டிக்கொண்டு போ, தரைப் பயிற்சி மட்டும் செய், குதிரைப் பக்கம் போகக் கூடாது என்றேன். சரி டீச்சர் என்றாள்.

குதிரைப் பக்கம் போகாமல் அவளால் இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். நேர்முகத்துக்கு எந்தச் சேலை கட்டுவது என்ற யோசனையில் இருந்தேன்.

நடந்ததைப் பிறகு ரிஸ்வானா சொல்லித்தான் அறிந்தேன். முதல் இரண்டு தாண்டலும் நன்றாக இருந்தன. அந்த இரண்டிலும் மெத்தைகள் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போனதை இருவரும் கவனிக்கவில்லை. மூன்றாவதில் கோகிலா இறங்கிய இடம் மெத்தை அல்ல, இடைவெளி. முழங்கை முதலில் தரையில் பட்டது.

ஸ்டோருக்குப் பின்னால் இருந்த தன் அறையில் சமைத்துக்கொண்டிருந்த மாடசாமி அண்ணன் அலறல் கேட்டு ஓடி வந்தார். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பாதைக்கு ஓடி, வந்த கொழுந்து லொறியை மறித்து ஏற்றினார்.

நான் பின்னேரம் பஸ்ஸால் இறங்கியபோது பசாரில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நசீர் நானா கடையிலிருந்து இறங்கி வந்து, விடயத்தைச் சொல்லி, யாரும் காணாமல் என் கைக்குள் ஒன்றை வைத்தார். என் சாவி. ரிஸ்வானா அதைத் தன் வாப்பாவிடம் கொடுத்திருந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கோகிலாவைக் கண்டிக்கு அனுப்ப ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்கள். விபரம் எழுதிக்கொள்ள வந்த ஆஸ்பத்திரி ஊழியர் எப்படி உள்ளே போனாய் என்று அவளிடம் கேட்டார்.

“கதவு தொறந்து கெடந்துச்சு. சும்மா போனோம்,” என்றாள்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

பதினோரு நாட்கள்

கதவு திறந்து கிடந்தது என்றால் திறந்து போட்டவர் காவற்காரர். மாடசாமி அண்ணன் சம்பளத்தன்று குடிப்பவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சனிக்கிழமை அவர் குடித்திருக்கவில்லை, ஆனால் அதை யார் கேட்டார்கள்? இரண்டு நாளில் அவரை வேலையிலிருந்து இடைநிறுத்தினார்கள். ஸ்டோரைப் பூட்டி முத்திரை வைத்தார்கள்.

தவிசாளர் விசேட கூட்டத்துக்கு அழைப்பு விடுத்தார். கமிட்டியைக் கலைத்து, மண்டபத்தைத் தன் ஆட்களின் கையில் கொடுக்கும் பிரேரணை.

எங்கள் கமிட்டி நசீர் நானா வீட்டில் கூடியது. காவற்காரரை நியமித்தது சபை, தவறு சபையுடையது, ஆகவே காவலையும் முழு நிர்வாகத்தையும் எங்களிடமே தர வேண்டும் என்று வாதாடத் தீர்மானித்தார்கள். நல்ல வாதம். அது முழுவதும் மாடசாமி அண்ணனின் தலைமேல் நின்றது.

எல்லோரும் போன பிறகு நசீர் நானாவிடம் என்னால் இது முடியாது என்றேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. தன் பணத்தையும் நேரத்தையும் அந்தக் கட்டடத்தில் கொட்டியவர்.

“டீச்சர், நான் செல்றத கேளுங்க. வோட்டு முடியட்டும். பொறகு மாடசாமிக்கு என்ட கடையில வேல ஒன்டு குடுக்கிறேன். இப்ப நீங்க வாய தொறந்தா நூறு புள்ளைகள்ட எடம் போகும்.”

நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்தேன்.

ஒருநாள் பாடசாலை வாசலில் மாடசாமி அண்ணன் காத்துக்கொண்டிருந்தார். தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். தான் அன்று கதவைத் திறக்கவே இல்லை என்றும், கமிட்டியில் என் பேச்சைக் கேட்பார்கள், ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றும் கேட்டார். பார்க்கிறேன் அண்ணே என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

கண்டி ஆஸ்பத்திரிக்கு நானும் பார்வதி அக்காவும் இரண்டுமுறை போய் வந்தோம். திரும்பும் பஸ்ஸில் அவர் களைத்துப்போய் என் தோளில் சாய்ந்து தூங்குவார். கண் விழித்ததும், ஒங்களுக்கு எவ்வளவு அலைச்சல் டீச்சர் என்பார். அந்தப் பயணங்களில் நான் ஒரு நிமிடமும் கண் மூடவில்லை.

பதில்

கூட்டத்தில் செயலாளர் நடராஜா ஐயா அறிக்கையை வாசித்தார். நசீர் நானா எங்கள் வாதத்தை எடுத்துச் சொன்னார். நன்றாகவே சொன்னார். சிங்களக் கிராமத்து உறுப்பினர் ஒருவர், தன் மகளும் அங்கே போகிறாள், பூட்ட வேண்டாம் என்று தன் மொழியில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தலைகளை எண்ணிப் பார்த்தேன். சரிசமமாக இருந்தது.

அப்போதுதான் தவிசாளர் அந்தக் கேள்வியைக் கேட்டார். எங்கள் வாதத்தை உடைக்க அவர் நினைத்திருக்கலாம், அல்லது வெறும் நடைமுறைக்காகக் கேட்டிருக்கலாம். தெரியாது.

எழுந்து நின்று திரும்பிய என் கண்ணில் பட்டது கோகிலாவின் முகம். அவள் தலையை நிமிர்த்தி, மிக மெல்ல, இல்லை என்பதுபோல் அசைத்தாள். சொல்லாதீங்க டீச்சர் என்கிறாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை எனக்காகப் பொய்யைச் சுமந்துகொண்டிருக்கிறாள், இன்னும் சுமக்கத் தயாராக இருக்கிறாள். நான் என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

“நான்தான்,” என்றேன். “வெள்ளிக்கிழமை என் சாவியைக் கோகிலாகிட்ட குடுத்தது நான். மாடசாமி அண்ணன் கதவத் தொறக்கல. அவருக்கு எதுவுமே தெரியாது. அந்தப் புள்ளை என்னைக் காப்பாத்தத்தான் பொய் சொன்னுச்சு.”

 நசீர் நானா கண்ணை மூடிக்கொண்டார். தவிசாளர் கண்ணாடியை எடுத்து மாட்டி, அப்படியானால் பொறுப்பு கமிட்டிதான், இனிப் பேச ஒன்றும் இல்லை, வாக்கெடுப்புக்குப் போகலாம் என்றார்.

பின்னால் ஒரு கதிரை நகரும் சத்தம். பார்வதி அக்கா எழுந்து நின்றார். பொதுமக்கள் பேச அனுமதி இல்லை என்றார் தவிசாளர். சபை இணங்கினால் பேசலாம் என்று செயலாளர் குனிந்த தலையோடு சொன்னார். 

“பேசட்டும்,” என்றார் சுப்பையா அண்ணன்.

பார்வதி அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. சபையைப் பார்த்துத்தான் பேசினார். 

“எம்மக கை ஒடஞ்சதுக்கு டீச்சருகிட்ட நான் தனியா கேட்டுக்கிறேன். அது எனக்கும் அவுங்களுக்கும். அத வச்சு மண்டபத்த எடுக்காதீங்க. சுப்பையா அண்ணே, நீங்க சொல்றது சரிதான். கக்கூஸு வேணும். நானும் விடியுமுன்னே தேயிலைக்குள்ள போறவதான். ஆனா தோட்டத்தக் கேட்டா சபையக் காட்டுது, சபையக் கேட்டா தோட்டத்தக் காட்டுது. நான் சின்னப்புள்ளையா இருக்கையிலயும் இதே பேச்சு. எங்க புள்ளைகளுக்குன்னு இந்த ஒன்னுதான் இது வரைக்கும் வந்திருக்கு. இதப் புடுங்கிட்டா அது வந்துருமா?”

உட்கார்ந்துவிட்டார்.

பிரேரணைக்கு ஆதரவாகக் கைகள் உயர்ந்தன. செயலாளர் பேனா முனையால் எண்ணிக்கொண்டே வந்து சுப்பையா அண்ணனிடம் நின்றார். அவருடைய இரண்டு கைகளும் மேசைமேல் கிடந்தன. தவிசாளர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சுப்பையா அண்ணன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு கையால் பிரேரணை தோற்றது.

அதற்காக எங்கள் கமிட்டி வென்றுவிடவில்லை. அரை மணி நேரம் இன்னும் காரசாரமாகப் பேசி, நடராஜா ஐயா எழுதிய திருத்தத்தை ஏற்றார்கள். மண்டபம் சபையின் நேரடிப் பொறுப்பில் இருக்கும். பிள்ளைகளின் பயிற்சி தொடரும், ஞாயிற்றுக்கிழமைகளில் கலியாணத்துக்குக் கொடுக்கலாம். நிர்வாகத்தில் இரண்டு இடம் பெற்றோருக்கு. அவர்கள் சம்மதிக்கும்வரை நான் அந்தக் கட்டடத்தில் பயிற்சி அளிக்கக் கூடாது. மாடசாமி அண்ணனுக்கு மறுநாளே வேலை.

வெளியே வந்தபோது நசீர் நானா குடையை விரித்துக்கொண்டு என்னைக் கடந்து போனார். பல மாதங்கள் என்னோடு பேசவில்லை.

தனியாகக் கேட்டது

மாடசாமி அண்ணன் மறுவாரம் வந்தார். கோபமாகத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

“எனக்கு ஒரு கடுதாசி வேணும் டீச்சர். அன்னைக்கு நான் குடிக்கலன்னு எழுதி, ஒங்க கையெழுத்துப் போட்டு. மகளுக்கு மாப்பிள்ளை பேசிக்கிட்டிருக்கோம்.”

எழுதிக் கொடுத்தேன். இரண்டுமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டார். அதன்பிறகு அவர் என்னைக் கும்பிட்டதில்லை.

பார்வதி அக்கா வருவார் என்று இருந்தேன். வரவில்லை. ஒரு ஞாயிறு நானே அவர் லயத்துக்குப் போனேன். உள்ளே கூப்பிட்டுப் பலகையில் உட்கார வைத்து, பால் இல்லாத பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். கோகிலா தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். முழங்கை இனி முழுதாக நீளாது என்று கண்டியில் சொல்லிவிட்டார்கள்.

நானாகவே மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். கையால் நிறுத்தினார்.

“கை ஒடையிறது ஒடையும் டீச்சர். வீட்டுல விழுந்தாலும் ஒடையும். எம்மகள ஏன் பொய் சொல்ல வச்சீங்க?”

“நான் சொல்லச் சொல்லலக்கா,” என்றேன்.

“பக்கத்துலயே நின்னுக்கிட்டுப் பேசாம இருந்தீங்களே. பதினோரு நாளு. அவ ராப்பகலா ஒங்க வாயத்தான் பாத்துக்கிட்டு இருந்திருப்பா.”

ஆறிப்போன தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

இரண்டு வருடம்

பெற்றோருக்கான இரண்டு இடங்களில் ஒன்றுக்குப் பார்வதி அக்காவையே தெரிவு செய்தார்கள். ஒரு வருடம் கழித்து நான் திரும்பப் பயிற்சி அளிக்க அனுமதி கேட்டு விண்ணப்பித்தேன். மற்றவர்கள் சரி என்றார்கள். பார்வதி அக்கா முடியாது என்றார். ஹட்டனிலிருந்து வந்த இளம் பயிற்றுநர் ஒருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். அந்த வருடங்களில் பஸ்ஸில் அந்தக் கட்டடத்தைக் கடக்கும்போது மறுபக்கம் பார்ப்பேன்.

சுப்பையா அண்ணனின் லயத்துக்குக் கக்கூஸ் வர இன்னும் பல வருடங்கள் ஆயின. அது சபைக் காசிலும் வரவில்லை. சங்கத்தில் அவரை ஓரம் கட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒருமுறை வழியில் கண்டு நன்றி சொல்லப் போனபோது, ஒங்களுக்காக இல்ல டீச்சர் என்று சொல்லிவிட்டு நடந்தார்.

இரண்டாவது வருடமும் விண்ணப்பித்தேன். போர்நிறுத்தம் வந்து, பஸ்ஸிலிருந்து இறக்கிச் சோதிப்பது குறைந்திருந்த காலம். இம்முறை பார்வதி அக்கா சம்மதித்தார். ஒரு நிபந்தனையோடு: குதிரையில் பயிற்சி நடக்கும்போதெல்லாம் கோகிலா பக்கத்தில் நிற்பாள். அவள் நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும், நானாக இருந்தாலும்.

கோகிலாவுக்கு அப்போது பதினைந்து முடிந்திருந்தது. இரண்டு வருடமாக அவள் அந்த மண்டபத்துக்குள் கால் வைக்கவில்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அம்மாவின் நிபந்தனையைக் கேட்டுவிட்டு ஒருநாள் முழுக்க யோசித்து, வருகிறேன் என்றிருக்கிறாள்.

முதல் நாள் பின்னேரம். பத்து வயதுப் பிள்ளை ஒன்று ஓட்டத் தொடக்கத்தில் நின்று என் கையசைவுக்குக் காத்திருந்தது. நான் துள்ளுபலகையின் பக்கத்தில் நின்றேன். எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. கையைத் தூக்கினேன்.

“நில்லு,” என்றாள் கோகிலா.

பிள்ளை நின்றது. மண்டபத்தில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். கோகிலா குதிரையைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாள். பிறகு முழுதாக நீளாத அந்தக் கையை நீட்டி, பிள்ளை வந்து இறங்கும் இடத்தின் மறுபக்கத்தைக் காட்டினாள்.

“அங்கிட்டுப் புடிக்க ஆளு இல்ல. நீங்க அங்க போய் நில்லுங்க டீச்சர்.”

நான் போய் அங்கே நின்றேன்.